கடைசி முட்டு

தாமிரபரணிக் கரையில் மாசிலாமணி ஒரு சிறிய தியான மடம் நடத்திவந்தார். ஒரு காலத்தில் கட்டட இன்ஜினீயர். இப்போது பேச்சும் குறைவு, தேவையும் குறைவு.

அவருடைய சிஷ்யை செண்பகவல்லிக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். தூத்துக்குடியில் ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கியவர். மீன் ஏற்றிக் கேரளம் போகும் லாரிகளுக்கு வழிகாட்டும் செயலி அவர்களுடையது. தியானத்துக்கு வந்தாலும் போனை விட்டுவிட்டு வந்ததில்லை.

"கம்பெனிய வித்துட்டு நல்லபடியா வெளிய வரணும் ஐயா. வழி சொல்லுங்க."

"யாரு வாங்குதா?"

"கொச்சியில ஒரு பெரிய கம்பெனி. வியாழக்கிழமை வந்து பாக்காங்க. அவங்க வாங்கலேன்னா இழுத்து மூட வேண்டியதுதான். நாப்பது பேரு வேலை போயிரும்."

"வந்து என்னத்தைப் பாப்பாங்க?"

"நான் இல்லேன்னாலும் கம்பெனி ஓடுமான்னு."

"ஓடுமா?"

செண்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. "புனலூர்ல ரோடு அடைப்பா? வண்டிய செங்கோட்டையில நிறுத்தச் சொல்லு. நான் சொல்லாம எடுக்கக் கூடாது" என்றார்.

மாசிலாமணி மறுபடி கேட்கவில்லை. ஒரு சுத்தியலைக் கொடுத்து, புதிதாகக் கட்டிய அடுக்களைக்குக் கூட்டிப்போனார். கூரைக்குக் கான்கிரீட் போட்டு நாளாகியிருந்தது. பலகைகளை முன்பே பிரித்தாயிற்று. சவுக்குக் கம்பு முட்டுகள் மட்டும் இன்னும் தாங்கி நின்றன.

"தட்டி எடுங்க" என்றார்.

செண்பகவல்லி ஒவ்வொன்றாகத் தட்டினார். நடுவில் போன் வரும்போதெல்லாம் சுத்தியல் கீழே இறங்கியது. ஐஸ் எங்கே வாங்குவது என்று ஒருவர் கேட்டார். டிரைவருக்கு லீவு கொடுக்கலாமா என்று இன்னொருவர். ஆபீஸ் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றுகூட ஒரு போன் வந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

கடைசி முட்டின் அருகில் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் ஐயா."

"எதுக்கு?"

"ஒரு தைரியத்துக்குத்தான். அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"கூரைக்குத் தைரியமா, உங்களுக்கா?"

செண்பகவல்லி மேலே பார்த்தார். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"அது நிக்கிற வரைக்கும் கூரை தானா நிக்குமான்னு எப்படித் தெரியும்?" என்றார் மாசிலாமணி.

செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். முதல் அடிக்கு முட்டு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி இன்னொரு அடி கொடுத்தார். முட்டு சரிந்து விழுந்தது. தலையில் கொஞ்சம் தூசி கொட்டியது. கூரை அப்படியே இருந்தது.

மறுபடி போன் அடித்தது.

தோள்பைக்குள் போன கையை வெளியே இழுத்தார். ஜிப்பை மூடினார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"செங்கோட்டையில வண்டி நிக்கு ஐயா. மீன் கெட்டுப்போயிரும். நான் எடுக்கலேன்னா அவங்க என்ன செய்வாங்க?"

மாசிலாமணி விழுந்து கிடந்த முட்டுக் கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை வாரவங்களும் அதைத்தான் கேப்பாங்க."