மாசானத்தின் சூடும் மச்சினன் கக்கமும்

முதல் குற்றவாளி மூத்த மச்சினன் சங்கிலிபூதம்தான். நர்ஸம்மா மேலோ மெஷின் மேலோ மாசானத்துக்கு இம்மியும் வருத்தமில்லை.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த மாசானம் வெடவெடவென்று நடுங்கினார். நர்ஸம்மா ஒரு மெஷினைத் தள்ளி வந்து, அதன் குழாயைக் காற்றுப் போர்வை ஒன்றில் மாட்டி அவர் மேல் விரித்தாள். ஒரு வயரை அவர் கக்கத்தில் ஒட்டினாள். துணைக்கு வந்திருந்த மூன்று மச்சினன்மாரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"இந்த வயர் கக்கத்த விட்டு நகரக் கூடாது. உடம்பு குளிர்ந்தா மெஷின் தானா சூட்டக் கூட்டும். முப்பத்தேழு டிகிரியில நின்னுட்டா காலையில வீட்டுக்குப் போகலாம். பட்டனைத் தொடாதீங்க. பீப்னு சத்தம் வந்தா கூப்பிடுங்க. அவரு சிரிக்கவே கூடாது, தையல் பிரிஞ்சிரும்."

அவள் அந்தப் பக்கம் போனதும் வயர் உரசியது. மாசானத்துக்குக் கூச்சம் அதிகம். கெக்கெக்கென்று சிரித்தார். தையல் சுண்டி இழுத்தது.

"வயரும் இருக்கணும், சிரிக்கவும் கூடாது. எப்படி?" என்றான் நடுவுள்ளவன் இசக்கி.

"கக்கத்துல இருக்கணும்னுதான் சொன்னாங்க. யார் கக்கம்னு சொல்லலியே" என்றான் கடைக்குட்டி சொள்ளமுத்து.

சங்கிலிபூதம் யோசித்தான். "அத்தானுக்காகக் கையெழுத்துப் போட்டது நான். ரத்தம் குடுத்தது நான். காலையில அவருக்கு வந்த இட்லியத் தின்னதும் நான். கக்கத்த மட்டும் குடுக்க மாட்டனா?"

சட்டையைக் கழற்றி வயரைத் தன் கக்கத்தில் ஒட்டிக்கொண்டான். போர்வை மட்டும் மாசானத்தின் மேல் கிடந்தது.

இசக்கி வெளியே போய் புரோட்டாவும் ஐஸில் கிடந்த சோடாவும் வாங்கி வந்தான். சங்கிலிபூதத்தின் இரண்டு கையும் புரோட்டாவில் இருந்தன. சோடா பாட்டிலை வயரோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

ஆள் விறைத்துப் போகிறான் என்று நினைத்தது மெஷின். சூட்டைக் கூட்டியது. சூடு மாசானத்துக்கு வந்தது.

"ஏல, வேகுதுல. நர்ஸக் கூப்பிடு."

"பீப் வரலியே அத்தான்."

மாசானம் பல்லைக் கடித்துக்கொண்டு, "பீப்" என்றார்.

மூவரும் ஆலோசித்தார்கள். "இது அத்தான் குரல். மெஷின் சொன்னாத்தான் செல்லும்" என்று முடிவு செய்தான் இசக்கி.

"அந்த சோடாவுல ஒரு மடக்காவது குடுங்கல."

"ஆபரேஷன் பண்ணவரு குடிக்கலாமா? உங்களுக்கும் சேத்து நான் குடிக்கேன்" என்று சங்கிலிபூதம் பாட்டிலை எடுத்துக் காலி செய்தான்.

சோடா கக்கத்தை விட்டு இறங்கியதும் மெஷினில் எண் ஏறி முப்பத்தேழில் நின்றது.

"குணமாயிட்டு" என்றான் சொள்ளமுத்து. யாருக்கு என்று தெரிய வேண்டாமா? மெஷினிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே போனார்கள். அது சங்கிலிபூதத்தில் போய் முடிந்தது.

வயரைக் கழற்றியபோது மெஷின் பீப் பீப் என்று கத்தியது. "குணமான பெறகு நர்ஸ் எதுக்கு?" என்று சொல்லி, விடிந்ததும் விடியாததுமாகச் சங்கிலிபூதத்தைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த நர்ஸம்மா, புழுக்கிய நெல்லைப் போலக் கிடந்த மாசானத்தை மீட்டாள்.

மூன்றாம் நாள் மாசானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பஸ்ஸேறி வீடு வந்தார். அவருடைய கட்டிலில் சங்கிலிபூதம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மனைவி செண்பகமும் மச்சினன்மார் வீட்டுப் பெண்தானே.

"எனக்கு ஆரத்தி எங்க?" என்றார் மாசானம்.

"ஒரு ஆபரேஷனுக்கு ரெண்டு ஆரத்தியா? தம்பிக்குச் சுத்தியாச்சு" என்றாள் அவள்.

எட்டாம் நாள் தையல் பிரிக்கச் சங்கிலிபூதத்தைக் கூட்டிப் போனார்கள். மாசானமும் போனார். துணைக்கு வந்தவர் வெளியில்தான் இருக்க வேண்டும் என்று இசக்கி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். உள்ளே டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, "தையலே இல்லியே" என்றார்.

"தழும்புகூட இல்லாம ஆத்திட்டீங்களே" என்று மூவரும் அவர் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள்.

மாசானத்துக்கு வர வேண்டிய ஆரத்தி இன்னும் வரவில்லை. தையலும் வயிற்றில் அப்படியே இருக்கிறது.