தோற்கத் தெரிந்த தேவாங்கு

ஒரு காட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பொத்தான் திருநாள் வரும். அது என்ன திருநாள் என்கிறீர்களா, குழந்தைகளே? வீடியோ கேம் ஆடும் திருநாள்!

சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. தினமும் ஆடினால் இரை தேட யார் போவார்கள்? அதனால் யானைத் தலைவர் அதைக் குகையில் வைத்து மூடிவிடுவார். திருநாளன்று மட்டும் வெளியே எடுப்பார். வெயில் பட்டால் பெட்டி உயிர் பெறும். பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும்.

ஆட்டம் கார் பந்தயம். இரண்டு பேர் ஆடலாம். ஆட்ட நேரம் முடிந்து மணி அடிக்கும்போது யாருடைய கார் முன்னால் நிற்கிறதோ அவருக்கே வெற்றி. வென்றவர் பூமாலையை வாங்கிக்கொண்டு எழ வேண்டும். தோற்றவர் பாவம் அல்லவா? அவர் உட்கார்ந்து இன்னொரு ஆட்டம் ஆடலாம். இதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

மைவிழி என்ற தேவாங்கும் முந்திரி என்ற அணிலும் உயிர்த்தோழிகள். சென்ற திருநாளில் இவர்கள் முறை வருவதற்குள் பெட்டி அணைந்துவிட்டது. அன்று முந்திரி அழுத அழுகை இருக்கிறதே, அப்பப்பா! இந்த முறை சேர்ந்து ஆடியே தீருவது என்று ஆண்டு முழுவதும் குச்சிகளைப் பொத்தான்களாக நினைத்து அழுத்திப் பழகின. பகலெல்லாம் தூங்கும் மைவிழி, அன்று தூக்கத்தையும் விட்டுவிட்டு முந்திரியோடு வரிசையில் வந்து நின்றது.

ஆனால் காலையிலேயே ஓர் இடத்தை நரி பிடித்துக்கொண்டது. முயலோடு ஆடியது, ஆட்டத்தில் வழியோரம் வரும் குளத்தில் காரை விட்டது. மயிலோடு ஆடியது, மறுபடியும் குளம்!

"ஐயையோ, இந்த முறையும் தோற்றுவிட்டேனே!" என்று நரி கண்ணைக் கசக்கியது. "என்ன செய்வது? வழக்கப்படி நான்தானே உட்கார வேண்டும்?"

"வேண்டுமென்றே தோற்கிறாயடா, திருடா!" என்று காட்டுப்பன்றி கத்தியது.

"வழக்கம் வழக்கம்தான். நரி வென்றால்தான் எழும்" என்றார் யானைத் தலைவர் வருத்தத்தோடு.

வெயில் மேற்கே இறங்கிவிட்டது. "நரி எழாவிட்டால் நாம் சேர்ந்து ஆடவே முடியாதே, மைவிழி!" என்று முந்திரி விசும்பியது.

மைவிழி தன் பெரிய கண்களை ஒருமுறை மூடித் திறந்தது. "அழாதேடி. நரியை நான் ஜெயிக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் மெல்ல மெல்ல நடந்து போய் நரியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

நரிக்குத் திக்கென்றது. 'இந்தச் சோம்பேறியிடம் தோற்பது கஷ்டமாயிற்றே!'

ஆட்டம் தொடங்கியது. மைவிழி பொத்தானைத் தொடவே இல்லை. அதன் கார் தொடங்கிய இடத்திலேயே நின்றது. பின்னால் போக அந்த ஆட்டத்தில் வழியில்லை. குளத்தில் விழவும் முன்னால் போயாக வேண்டும். நரியும் கையை எடுத்துவிட்டது.

"என்ன நரியண்ணா, ஓட்டவில்லையா?"

"நீ முதலில் ஓட்டு, தங்கச்சி!"

"எனக்கு அவசரமே இல்லை, அண்ணா."

இரண்டும் சிலை போல உட்கார்ந்திருந்தன. கிளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பது தேவாங்குக்குக் கைவந்த கலை. நரிக்கு முடியுமா? முதுகு அரித்தது, பல்லைக் கடித்துக்கொண்டது. கால் மரத்தது; பொறுத்துக்கொண்டது. கடைசியில் ஓர் ஈ வந்து அதன் மூக்கின் மேல் உட்கார்ந்தது.

"அச்சூ!"

தும்மிய வேகத்தில் நரியின் முழங்கை பொத்தானில் இடித்தது. அதன் கார் 'உர்ர்' என்று ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. அடித்தது மணி!

"நரி ஜெயித்துவிட்டது!" காடே அதிரக் கூத்தாடியது.

"இல்லை, இல்லை! நான் ஜெயிக்கவில்லை!" என்று நரி அலறியது. யார் கேட்டார்கள்? யானைத் தலைவர் அதன் கழுத்தில் மாலையைப் போட்டு, "எழுந்திருங்கள், வெற்றி வீரரே!" என்று தும்பிக்கையால் தூக்கி நிறுத்தினார்.

வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு, கழுத்தில் மாலையோடு, நரி வரிசையின் கடைசியில் போய் நின்றது.

அடுத்து நின்ற முந்திரி ஒரே தாவாகத் தாவி, தோற்றதால் எழாமல் இருந்த மைவிழியின் பக்கத்தில் உட்கார்ந்தது. "ஓட்டுடி, ஓட்டு!" என்று இரண்டும் கூச்சலிட்டுச் சிரித்துக்கொண்டு ஆடின. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

நீதி: எல்லோருக்குமான வழக்கத்தைத் தனக்காக வளைப்பவனை, அந்த வழக்கமே எழுப்பி அனுப்பிவிடும்.