இருபத்தேழு மாடிக்குப் போன கதை

கொக்கரைப்பட்டி தேங்காய் விற்பனையாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். வேறு யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொள்வதுதான். தேங்காயை எண்ணுவதற்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள்.

அந்தச் சங்கத்தின் தலைமை எழுத்தர் சிவசைலம். அவர் மேஜையில் தனி டெலிபோன் உண்டு, எக்ஸ்டென்ஷன் இருபத்தேழு. சங்கத்துக்கு ஃபோன் போட்டு இருபத்தேழை அழுத்தினால் நேரே அவர் காதில் விழும். செல்போன் எருமை மேய்க்கிறவன் மடியிலும் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது அவர் கட்சி. அதனால் மகள் மீனலோசனியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரிடமும் இருபத்தேழைத்தான் கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா கோமதிநாயகம், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து டவுனில் வீடு. புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மேல் நல்ல நேரம், அப்போது ஃபோனில் முடிவைச் சொல்கிறேன் என்றிருந்தார். இதற்கு முன்னால் வந்த வரன்களெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டிப் போயின. இந்தப் பையனைத்தான் மீனலோசனி தானாக வாய் திறந்து, "பிடிச்சிருக்குப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இது கைகூட வேண்டுமே என்று சிவசைலத்துக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதற்கென்றே சில நாள் விடியும். அந்தப் புதன்கிழமை காலையில்தான் மேலாளர் வில்லாயுதம், கீழே மூட்டை அடுக்க இடம் பற்றவில்லை என்று தலைமை எழுத்தரின் மேஜையை மாடிக்கு ஏற்றச் சொன்னார். மேஜை போயிற்று, நாற்காலி போயிற்று, டெலிபோனையும் சிவசைலம் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு போய் மாடிச் சுவரில் இருந்த பிளக்கில் மாட்டினார். கீழேயிருந்து இருபத்தேழை அழுத்திப் பார்த்தார்கள். மாடியில் சத்தமே இல்லை. கைபோன போக்கில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தியதில், நாற்பத்தொன்றை அழுத்தியபோது மேலே மணி அடித்தது.

சங்கம் கூடி யோசித்தது.

"நம்பர் டெலிபோனுக்குள்ள இருந்தா, கூடவே மாடிக்கு வந்திருக்கணும்லா. வரலையே" என்றார் காசாளர் ஞானதிரவியம். "அப்ப அது மேஜைக்குள்ள இருக்கணும்."

"மேஜையும்தான் வந்துட்டு."

"படியேறும்போது சிந்தியிருக்குமோ?"

படிக்கட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். தேங்காய் நார்தான் கிடைத்தது. கடைசியில் வில்லாயுதம், நம்பர் மனுஷனிடம்தான் இருக்கிறது, சிவசைலத்துக்கு இன்னும் மாடி பழகவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். மாடி பழகட்டும் என்று அவரை அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தார்கள். பிறகும் நாற்பத்தொன்றுக்குத்தான் மணி அடித்தது. வேறு வழியில்லாமல் டெலிபோனைப் போட்டுக்கொடுத்த மெக்கானிக் செய்யதுவைக் கூப்பிட்டார்கள்.

செய்யது ஏதோ ஊரில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். பிளக்குக்குத்தான் நம்பர், டெலிபோனுக்கு இல்லை, எல்லா ஒயரும் போய்ச் சேருகிற இண்டர்காம் பெட்டியில் மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார். "முதல்ல இண்டர்காம் பெட்டியை ஆஃப் பண்ணுங்க. அடுத்து என்னன்னு சொல்லுதேன்."

ஞானதிரவியம் ஆஃப் பண்ணினார். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததும் அந்தப் பெட்டி வழியாகத்தான் என்பதால் செய்யதுவின் பேச்சு அறுந்துபோயிற்று. அவர் ஏதோ மனஸ்தாபத்தில் ஃபோனை வைத்துவிட்டார் என்று முடிவு செய்து, பெட்டியை மறுபடி ஆன் பண்ணிக் கூப்பிட்டு, வில்லாயுதம் மன்னிப்புக் கேட்டார். செய்யது மறுபடியும் பெட்டியை ஆஃப் பண்ணச் சொன்னார், மறுபடியும் பேச்சு அறுந்தது. மூன்றாம் தடவையும் அதேதான். இவ்வளவு முன்கோபக்காரர் எப்படித் தொழில் பண்ணுகிறார் என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். செய்யதுவே மேலாளரின் செல்போனுக்கு வந்து, நீங்கள் ஒன்றையும் தொடாதீர்கள், நாளைக்கு நானே வந்து செய்கிறேன் என்று சொல்லவேண்டியதாயிற்று.

"இன்னைக்கு இருபத்தேழுக்கு ஒரு முக்கியமான கால் வருதே" என்று சிவசைலம் அந்தச் செல்போனை வாங்கிக் கேட்டார்.

"அப்ப பழைய பிளக்குல வேற ஒரு டெலிபோனை மாட்டி, ஒரு ஆளை உக்கார வைங்க. கூப்பிடுதவங்களுக்கு அவரு விவரம் சொல்லட்டும்" என்றார் செய்யது.

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பழைய இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வேறு ஒரு டெலிபோனை மாட்டி, ஞானதிரவியத்தை உட்கார வைத்தார்கள். பக்கத்திலேயே அவருடைய சொந்த டெலிபோனும் இருந்தது. மாடியில் சிவசைலம் தன் டெலிபோன் மேல் இருபத்தேழு என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலரை அடித்ததும் கீழே மணி அடித்தது. கோமதிநாயகம்தான். ஞானதிரவியம் எடுத்து, "இருபத்தேழு மாடிக்குப் போயிட்டு. மாடியில பாருங்க" என்று விவரம் சொல்லி வைத்துவிட்டார். கோமதிநாயகம் மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதே விவரம். சொன்னால் சொன்னபடி நடக்கிற மனுஷன் என்று அவருக்கு டவுனில் பெயர். மாடியில் பார்க்கச் சொல்கிறார்களே என்று உடனே ஒரு ஆட்டோ பிடித்துச் சங்கத்துக்கு வந்து, மாடியேறிப் பார்த்தார்.

சிவசைலம் பதறி எழுந்து கும்பிட்டார். காப்பி வந்தது. சங்கமே மாடியில் கூடிவிட்டது, ஞானதிரவியமும் ஸ்டூலை விட்டு ஏறி வந்துவிட்டார். கோமதிநாயகம் காப்பியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். சிவசைலம் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக்கூடாது. ஃபோன்ல சொல்லுதேன்னு நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க. வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி விளக்கேத்தி வச்சிருக்காங்க. நல்ல காரியம், மொதல் பேச்சே மாறிப்போனா நல்லா இருக்காது."

"அதுவும் நியாயம்தான்" என்றார் கோமதிநாயகம். "வாக்குன்னா வாக்கு. நான் கீழ போய்ப் பேசுதேன்."

அவர் படியிறங்கிப் போனார். ஞானதிரவியத்தின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஞானதிரவியத்தின் டெலிபோனை எடுத்து இருபத்தேழை அழுத்தினார். மாடியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவசைலத்தின் டெலிபோனைச் சுற்றி நின்றார்கள். அது வாயைத் திறக்கவில்லை. கீழே, கோமதிநாயகத்தின் முழங்கைக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது.

அடிக்கிற டெலிபோனை எடுக்காமல் இருப்பது அரசாங்கத்தில் வேலை பார்த்தவருக்கு அழகில்லை. ஆள் யாரையும் காணோம் என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இடது கையால் அதையும் எடுத்து மறு காதில் வைத்துக்கொண்டார்.

படி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்த சிவசைலத்துக்கு, சம்பந்தி இரண்டு காதிலும் டெலிபோன் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது தெரிந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோமதிநாயகம் வெகுநேரம் பேசினார், தலையாட்டினார், நடுவில் ஒரு தடவை தோளில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு டெலிபோனையும் வைத்துவிட்டு, முகம் வாடி மாடிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, சொல்லிட்டீங்களா?" என்றார் சிவசைலம்.

"சொன்னேன். உங்க பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நான் சொல்லி வாய் மூடலை, எடுத்தவரும் அதையே சொல்லிட்டாரு. அவருக்கும் பிடிச்சிருக்காம். அவருக்கும் ஒரே பையனாம், பையன் இன்ஜினியராம்."

சிவசைலத்துக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு வரனுக்கே தவம் கிடந்த வீட்டுக்கு இரண்டாவது வரனா என்று மலைத்துப் போனார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"மரியாதைப்பட்ட மனுஷனாத் தெரிஞ்சுது. அதனால நான் விட்டுக்குடுக்கேன்னு சொன்னேன். பாத்தா அவரும் விட்டுக்குடுக்கேன்னுட்டாரு."

 நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மீனலோசனியின் முகம் சிவசைலத்தின் கண் முன்னால் வந்து நின்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று பெற்ற மனம் பரிதவித்தது. கடைசியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேர்ல எந்தச் சம்பந்தம் உசத்தி?"

கோமதிநாயகம் பொய் சொல்லிப் பழகாதவர். "அவருதான்" என்றார். "அவ்வளவு பணிவை நான் எங்கயும் பாத்தது இல்ல. நான் வணக்கம்னா அவரும் வணக்கம்ங்காரு."

"அப்ப நீங்களே பெரிய மனசு பண்ணி, அவரைப் பேசி முடிச்சுக் குடுக்கணும்" என்று சிவசைலம் அவர் காலைத் தொடப் போனார்.

கோமதிநாயகம் நெகிழ்ந்துபோய்ச் சரி என்றார். மறுபடியும் படியிறங்கினார். கீழே மறுபடியும் மணி அடித்து நின்றது. நல்ல நேரம் முடிவதற்குள் அவர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். அந்த மனுஷர் ஒத்துக்கொண்டுவிட்டாராம், வைகாசியில் கல்யாணமாம், தேதிகூட இவர் மனத்தில் நினைத்த தேதியேதானாம். சிவசைலம் தேம்பி அழுதுவிட்டார். வில்லாயுதம் உடைத்த தேங்காயும் சீனியும் எல்லோருக்கும் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இவ்வளவும் செஞ்சது நீங்க" என்றார் சிவசைலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கல்யாணத்துக்கு நீங்க அவசியம் வரணும்."

"வராம இருக்க முடியுமா?" என்றார் கோமதிநாயகம். "நான் வந்தாத்தான் வருவேன்னு மாப்பிள்ளைக்கு அப்பா கண்டிப்பாச் சொல்லிட்டாரு."