வடத்துக்கு ஏற்ற சொல்

"ஒரே ஒரு சொல் கிடைக்கவில்லை, தோழர்!" என்றார் இன்னாசி.

குவாரித் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஆங்கிலத்தில் மனு எழுதுகிறவர்.

தலைவி அமலோற்பவம் நிமிரவில்லை. பாறையில் துளை போட்ட கை, மாநாட்டுத் துண்டறிக்கைகளை மடித்துக்கொண்டிருந்தது.

"எதற்குச் சொல்?"

"ஆட்கள் குவாரிக்குள் இறங்கும் வடங்களை மறுபடி நெருங்கிப் பார்க்கச் சொல்லிப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 'இன்ஸ்பெக்ட்' என்று போன வாரம் எழுதினேன். வந்தார். பார்த்தார். எல்லாம் சரி என்றார். மறுநாள் ஒரு வடம் அறுந்து சூசை செத்தான்."

"பிறகு?"

"'எக்ஸாமின்' என்றால் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போல இருக்கிறது. 'ஸ்க்ரூட்டினைஸ்' என்றால் தேர்தலில் வேட்புமனுவைப் பரிசீலிப்பது போல. 'இன்வெஸ்டிகேட்' என்றால் போலீஸ் வந்து நம்மையே உள்ளே தள்ளும்."

"தள்ளாமல் இருந்தது எப்போது?"

இன்னாசி சிரிக்கவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"காலையில் ஆட்கள் அதே வடங்களில் இறங்கப் போகிறார்கள், தோழர். நீங்கள் காகிதம் மடிக்கிறீர்கள்!"

அமலோற்பவம் எழுந்து நடந்தார். இன்னாசி பின்னால் ஓடினார்.

குவாரி விளிம்பில் வடங்கள் சுருண்டு கிடந்தன. அதிகாரி பார்த்துச் சரி என்றவை.

அமலோற்பவம் ஒன்றை எடுத்து இன்னாசி கையில் கொடுத்தார்.

"இடுப்பில் கட்டு. இறங்கு."

"நானா?"

"சங்கத்தில் நீயும் உறுப்பினர்தானே? சந்தா கட்டுகிறாய்."

இன்னாசி கீழே பார்த்தார். அடியில் நின்ற லாரி தீப்பெட்டி போல இருந்தது.

வடத்தைக் கட்டவில்லை. கையில் இழுத்தார். விரல் விரலாக நகர்த்தினார். முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்தார். முகர்ந்தார். உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டு, மறுமுனையிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். வியர்வை மூக்கில் சொட்டியது.

பாதி வடத்தில் கை நின்றது.

"தோழர்! இங்கே உள்ளே பொடிப்பொடியாக இருக்கிறது!"

"போன வாரம் அதிகாரி பார்த்தபோது நீ எங்கே நின்றாய்?"

"அவர் பக்கத்தில்."

"இது தெரியவில்லையா?"

இன்னாசி வடத்தைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல் கிடைத்துவிட்டதா?" என்றார் அமலோற்பவம்.

"'எக்ஸாமின்' என்றே இருக்கட்டும், தோழர். அதோடு ஒரு வரி சேர்க்கிறேன்."

"என்ன வரி?"

"பார்த்துச் சரி என்று சொல்லும் வடத்தில் முதலில் இறங்கப் போவது அதிகாரி."