குப்பைக்குழிச் சட்டமும் ஒரு முறம் தவிடும்

"என் சாமானை நீயே புடுங்குவ, நீயே குழியில தள்ளுவ, தள்ளுனதுக்கு நான் காசு தரணுமாக்கும்?"

"நான் எங்கம்மா தள்ளுனேன், சபை தள்ளுச்சு. குழிவரி வண்டிக்கு ரெண்டு பணம், மூணு வண்டிக்கு—"

"மூணும் யார் வண்டி? சபை வண்டி. ஏத்துனது யாரு? சபை ஆளு. நான் போடச் சொன்னேனா? எடுக்காதீகன்னு சக்கரத்துக்கு முன்னால விழுந்து கெடந்தேன்—"

"குப்பை யாரோடதோ அவுக கட்டணும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"சாமானா இருந்தப்ப என்னோடது இல்லேன்னீக. குப்பையானதும் என்னோடதாயிருச்சா?"

வரிக்காரன் தலையைச் சொறிந்தான். ஆனாலும் அவளுடைய வண்டிக்குக் குறுக்கே நீட்டியிருந்த மூங்கிலை மட்டும் எடுக்கவில்லை.

முன்னொரு காலத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு நாட்டின் தலைநகரில், கீழைவாசலுக்கு வெளியே ஊர்க்குப்பையெல்லாம் கொட்டுகிற பெருங்குழியின் கரையில் நடந்த சண்டை இது. மல்லுக்கு நின்றவள் சிலம்பாயி. வயது அறுபது. ஒற்றைமாட்டு வண்டியோடு தெருத்தெருவாகப் போவாள். உப்பும் பொரிகடலையும் அளந்து கொடுத்து ஓட்டைக்குடம், நெளிந்த உருளி, நாக்கில்லாத மணி, ஒரு கால் போன முக்காலி என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். ஒட்டுப்போட்டு, ஈயம் பூசி, புளிபோட்டுத் துலக்கி, புதுசு வாங்க வக்கில்லாத வீடுகளுக்குக் கால்விலைக்குக் கொடுப்பாள். அந்த ஊர் ஏழைப்பெண்களின் கல்யாணச் சீரெல்லாம் பெரும்பாலும் அவள் வண்டியில்தான் வந்து இறங்கும். வருகிற ஆவணிக்கு நாலு வீட்டில் சொல்லி வைத்திருந்த குடங்கள் இப்போது அந்தக் குழிக்குள் நாற்றத்துக்கு அடியில் கிடந்தன.

அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்த இருளப்பன் சண்டையைக் கேட்டு நின்றுவிட்டான். அரசவை விகடகவி அவன். வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார் என்று பெயர் வாங்கியவன். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த நாளில், அரண்மனைப் படியேற அவனுக்கு ஒரு நல்ல சட்டை இல்லை. சிலம்பாயிதான் வண்டியிலிருந்து ஒரு ஜரிகைச் சட்டையை உருவி, "போட்டுட்டுப் போ தம்பி, சிரிக்க வைக்க முடியலைன்னா கொண்டாந்து குடுத்துரு" என்றாள். இன்றுவரை அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவளிடம் என்ன நடந்தது என்று அவன் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சட்டம் பிறந்த கதை ஊருக்கே தெரியும். ஒரு நாள் மகாராஜா மார்த்தாண்டர் கீழைவாசல் பக்கம் குதிரையில் போனார். குப்பைப் புகை மூக்கில் ஏறி ஏழு தும்மல் தும்மினார். அரண்மனைக்குத் திரும்பியதும், இனி அந்தக் குப்பை ஒரு சாண்கூட உயரக்கூடாது என்று உத்தரவு போட்டார். நகரசபை கூடியது. குப்பை கொட்ட வண்டிக்கு இரண்டு பணம் என்று முதல் தீர்மானம் வந்தது. பணம் உள்ளவன் கொட்டினான். இல்லாதவன் தெப்பக்குளத்தில் கொட்டினான். ஒரே மாதத்தில் குளத்துப் படிகளில் பாதி குப்பைக்கு அடியில் காணாமல் போயிற்று. கொஞ்சம் யோசனை உள்ளவர்கள் மட்டும் பழசைத் தூக்கி எறியாமல் சிலம்பாயியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். உண்மையில் ஊரில் குப்பை குறைந்தது அவளால்தான்.

அதுதான் வினையாயிற்று. சபைத்தலைவர் ஏகாம்பரநாதரின் மைத்துனர் பெரிய கடைத்தெருவில் புதுப் பித்தளைப் பாத்திரம் விற்கிறவர். அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். உடனே சபைக்குத் திருட்டுப்பயம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது தீர்மானத்தைத் தமுக்கடித்துச் சொன்னார்கள். பழம்பொருள் வாங்குகிறவர், முதலில் வைத்திருந்தவரைச் சபைக்கு அழைத்து வந்து சாட்சி சொல்ல வைத்து முத்திரை வாங்க வேண்டும். பிறகு அந்தப் பொருளை இருபத்தொரு நாள் சபையின் சரக்குக் கிட்டங்கியில் பூட்டி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விற்றிருந்தால், வாங்கின விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொருளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட வேண்டும். ஓட்டைக்குடத்துக்குச் சாட்சி சொல்ல எந்தப் பெண்பிள்ளை வேலையை விட்டுவிட்டுச் சபைக்கு வருவாள்? ஒருத்தியும் வரவில்லை. முத்திரை இல்லையென்று சபை ஆட்கள் பறித்த சிலம்பாயியின் சரக்கு மூன்று வண்டியாகக் குழிக்குப் போனது.

"ஓட்டைக்குடத்துக்குக்கூட இப்ப சாட்சி கேக்குறாகளே?" என்றாள் சிலம்பாயி, இருளப்பனைப் பார்த்ததும் இன்னும் சூடாகி. "நாப்பது வருசத்துக்கு முந்தி இதே குழிக்கரை மேட்டுல இவுக ராசாவைத் தூக்குனேனே, அன்னைக்கு எந்தச் சாட்சி வந்துச்சு? எந்த முத்திரை குத்துனாக?"

இருளப்பன் அவளைத் தனியே அழைத்துப் போய் முழுக்கதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அந்தத் தவிட்டை என்னக்கா பண்ணுன?"

"மாட்டுக்கு வச்சேன். தவிட்டை வேற என்ன பண்ணுவாக?"

அன்று அவையில் இருளப்பன் எழுந்து நின்றபோது எல்லோரும் பழக்கதோஷத்தில் முன்கூட்டியே சிரித்துவிட்டார்கள். இன்று விகடம் இல்லை என்றான். அதற்கும் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் பிழைப்பைக் குழியில் தள்ளி, தள்ளியதற்கு வரியும் கேட்கிறது சபை என்றான். ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். இருளப்பனுக்குக் காது சிவந்தது. பதினைந்து ஆண்டுகளாக இவர்களைச் சிரிக்கப் பழக்கியவன் அவன்தான். இப்போது அழச்சொன்னாலும் சிரிப்பார்கள்.

சிரிக்காதவர் ஏகாம்பரநாதர் ஒருவர்தான். தாம் பேசினால் கொட்டாவி விடுகிற ராஜா, இந்தச் சட்டைக்காரன் இருமினாலும் முத்துமாலை கழற்றுகிறாரே என்று அவருக்குப் பதினைந்து ஆண்டு வயிற்றெரிச்சல். அவர் மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, சட்டத்தைப் பழிப்பது எளிது. நடத்திக் காட்டுவது அரிது. பழம்பொருள் கண்காணிப்பை மூன்று நாளைக்கு இருளப்பனிடமே ஒப்படைப்போம். முத்திரையின்றிக் கைமாறிய பொருள் இந்நகரில் எங்கிருந்தாலும், ஒன்றுகூட விடுபடாமல் அவன் இந்த அவைக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அவனும் அந்தப் பழஞ்சாமான்காரியும் நாட்டின் எல்லையைக் கடந்து போய்விட வேண்டும்."

நகரத்தில் அப்படிப்பட்ட பொருள் லட்சம் இருக்கும். பொறியென்று ராஜாவுக்கும் தெரிந்தது. தெரிந்தும் வேடிக்கை பார்க்கும் ஆசை விடவில்லை.

"ஒப்புக்கொள்கிறாயா இருளப்பா?"

"ஒப்புக்கொள்கிறேன் மகாராஜா. ஒரு சந்தேகம். எவர் வீட்டில் இருந்தாலுமா?"

"எவர் வீட்டில் இருந்தாலும்தான்," என்றார் ஏகாம்பரநாதர் ராஜாவை முந்திக்கொண்டு.

முதல் நாள் காலையில் இருளப்பன் நான்கு காவலரோடு ஏகாம்பரநாதர் வீட்டு வாசலிலேயே போய் நின்றான். வாசற்கதவு, நொடித்துப்போன ஒரு வணிகரிடமிருந்து வாங்கியது. சாட்சி சொல்ல அந்த வணிகர் எங்கே? ஊரை விட்டே போய்விட்டார். கதவைக் கழற்றினார்கள். ஊஞ்சல் மாமனார் கொடுத்தது. மாமனார் காலமாகிவிட்டார். ஊஞ்சலும் போயிற்று. ஏகாம்பரநாதரின் மனைவி காதிலிருந்த வைரத்தோடு மாமியார் காதிலிருந்து வந்தது. மாமியார் திண்டில் சாய்ந்தபடி, "சாட்சிதானே? நான் ஒண்ணும் அதை அவளுக்குக் குடுக்கலையே, அவளாத்தான் எடுத்துப் போட்டுக்கிட்டா" என்றாள். தோடும் வண்டியில் ஏறியது. மைத்துனரின் புதுப்பாத்திரக் கடையில் உருக்குவதற்காகக் குவித்திருந்தது முழுக்கப் பழைய பித்தளை. அதை அள்ளவே ஒரு பகல் ஆயிற்று. மற்றச் சபையோர் வீடுகளுக்கும் காவலர்கள் போனார்கள். குடிசைகளில் இருந்த பழசுக்கு மட்டும் இருளப்பன் ஒரு வழி செய்தான். முதலில் வைத்திருந்தவர்களின் தெருவுக்கு அவனே முத்திரையோடு போய், வாசலில் நின்று சாட்சி கேட்டு, அங்கேயே குத்திக்கொடுத்தான். அது அத்தனை கடினமான வேலையாக இல்லை. சபை ஏன் அதைச் செய்யவில்லை என்று பெண்கள் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் அரண்மனை. கூடிய அவைக்கு நடுவில் இருளப்பன் சிங்காசனத்தைச் சுற்றி வந்தான்.

"இது எங்கிருந்து வந்தது மகாராஜா?"

"என் பாட்டனார் பக்கத்து நாட்டு மன்னனை வென்று கொண்டுவந்தது."

"அம்மன்னரின் சாட்சி?"

"அவரைத்தான் கொன்றுவிட்டோமே."

"அப்படியானால் சாட்சி இல்லை. எழுந்தருளுங்கள்."

ராஜா எழுந்து பாயில் உட்கார்ந்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டாக இருந்தது. கதவில்லாத வீட்டில் இரண்டு இரவு காவல் காத்துத் தூங்காமல் கண் வீங்கியிருந்த ஏகாம்பரநாதரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாம் முடிந்ததா?" என்றார் ஏகாம்பரநாதர் பல்லைக் கடித்தபடி. "ஒன்றும் விடுபடவில்லையே?"

"ஒன்று இருக்கிறது."

"தோற்றாய். கேட்டீர்களா மகாராஜா? அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஒன்று விடுபட்டிருக்கிறது."

"விடுபட்டதாக நான் சொல்லவில்லை ஐயா. அதை அவைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. அது ஏற்கெனவே இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. விற்றவளை வரச்சொல்லுங்கள்."

சிலம்பாயி வந்தாள். கையில் துணியால் மூடிய ஒரு முறம். யாரையும் கும்பிடவில்லை. நடந்ததைச் சொல் என்றதும், குழிக்கரையில் பேசிய அதே குரலில் சொன்னாள்.

"பெரிய மகாராணிக்கு மூணு புள்ளை பொறந்து பொறந்து தவறிப்போச்சு. நாலாவதையாச்சும் எமனுக்குத் தெரியாம ஒளிக்கணும்னு, மூக்கைக் குத்தி, கொண்டாந்து குப்பைமேட்டுல போட்டுட்டாக. நான் அங்கன எங்கம்மாகூட இரும்பு பொறுக்கிக்கிட்டு நின்னேன். நாந்தேன் தூக்குனேன். மூணு எட்டு நடந்தேன். 'புள்ளை வெலைக்குக் கெடைக்குமா'ன்னு மகாராணியே கேட்டாக. ஒரு முறம் தவிடு குடுத்து வாங்கிட்டுப் போனாக. குப்பமுத்துன்னு பேரு வச்சாக. அப்புறம் பெரிய பேரா மாத்திக்கிட்டாக."

அந்த நாட்டில் அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அரசவையில் மட்டும் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. மகாராஜாவின் விரல், இடப்பக்க மூக்கில் கடுகளவு தெரிந்த தழும்பின்மேல் இருந்தது.

இருளப்பன் சட்டத்தை வாசிப்பவனைப் போல் சொன்னான். "எறிந்தவர் மகாராணி. குழிவரி கட்டவில்லை. எடுத்தவள் சிலம்பாயி. சாட்சி அழைக்கவில்லை. இருபத்தொரு நாள் கிட்டங்கியில் வைக்காமல், அதே இடத்தில் விற்றுவிட்டாள். அந்தப் பொருள் முத்திரை இல்லாமல் இன்றும் இந்த நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறது. இப்போது சொல்லுங்கள் சபைத்தலைவரே, ஏதாவது விடுபட்டதா?"

ஏகாம்பரநாதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆமென்றால், விடுபட்டது மகாராஜா என்று காட்ட வேண்டும், தலை போகும். இல்லையென்றால் பந்தயம் போகும்.

அவை ராஜாவைப் பார்த்தது. பிறகு ராஜாவின் தோள் குலுங்கியது. வயிறு குலுங்கியது. பாயில் புரண்டு கண்ணீர் வரச் சிரித்தார். உடனே அவை முழுக்கச் சிரித்தது. ராஜா எழுந்து, தம் தோளிலிருந்த பட்டுப் பொன்னாடையை எடுத்து இருளப்பன்மேல் போர்த்தினார்.

"இதுவும் ஒருவர் போர்த்திக் கழித்தது மகாராஜா," என்றான் இருளப்பன். "முத்திரை இல்லை." மடித்துக் கீழே வைத்தான்.

ராஜா அதற்கும் சிரித்தார். இப்படி ஒரு கூத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். இருளப்பன் வென்றான், அவனும் அந்தப் பெண்ணும் ஊரிலேயே இருக்கலாம், சிங்காசனத்தை மறுபடி மேடையில் போடுங்கள் என்றார். சபைத்தலைவரின் கதவையும் கொடுத்துவிடச் சொன்னார். தீர்மானத்தைத் திருத்த வேண்டுமானால் ஐப்பசியில் சபை கூடும்போது யோசிக்கலாம் என்றார் ஏகாம்பரநாதர், நாக்கு திரும்பிவிட்ட தைரியத்தில். அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா.

"அக்காவின் சரக்கு?" என்றான் இருளப்பன்.

குழிக்குள் போனது போனதுதான், தோண்டினால் ஊரெல்லாம் நாறும், மகாராஜாவுக்கு மறுபடி தும்மல் வரும் என்றார் ஏகாம்பரநாதர். அவை மீண்டும் சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே சிங்காசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இருளப்பன் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். விலகி நின்று சிலம்பாயிக்கு வழிவிட்டான்.

அவள் படியேறிப் போனாள். முறத்தைச் சிங்காசனத்தின் காலடியில் வைத்து, மூடியிருந்த துணியை விலக்கினாள். விளிம்புவரை தவிடு. அவள் நிமிரும்வரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள், நிமிர்ந்ததும் நிறுத்தினார்கள்.

"உங்கம்மா குடுத்த வெலை இந்தா இருக்கு மகாராசா, ஒரு பிடி கொறையாது. எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போடணும்னு உங்க தமுக்கு சொல்லுது, வண்டி வாசல்ல நிக்குது, எந்திரிங்க."