தேருக்கு முன்னால் நின்ற சேதிராயர்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு தீர்ப்பு, சாப்பிட்டு எழுந்தால் வேறொரு தீர்ப்பு, அப்படிப்பட்ட ராஜா. அந்த ஊர்க் கோயில் தேரைக் கவனிக்கிற பொறுப்பு சேதிராயர் என்ற பிரபுவிடம் இருந்தது. தேர் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பரிவட்டம் எங்கே கட்டுகிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷத் தேரோட்டத்தில் மேட்டுத் தெருவில் தேர் நின்றது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வேண்டிய பேச்சிமுத்துவை, வெயில் உறைக்கிறதென்று தமக்குக் குடை பிடிக்கக் கூட்டிப் போய்விட்டார் சேதிராயர். தேர் சரிவில் உருண்டது. கீழே பூ விற்றுக்கொண்டிருந்த வெள்ளையம்மாளின் கால் முறிந்தது. தெருத்தெருவாக நடந்து விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். பாவம், கட்டிலோடு தூக்கி வந்து சபையில் வைத்தார்கள். கால் கூடும்வரை என் பிழைப்புக்கு வழி சொல்லுங்கள் என்று கேட்டாள்.

சேதிராயர் சிரித்தார். "மகாராஜா, இவள் எனக்கு உறவா, ஊழியமா? பேரே இப்போதுதான் தெரியும். தெரியாத ஆளுக்கெல்லாம் நான் காவல் இருக்க முடியுமா?"

ராஜா தலையாட்டினான். மந்திரி சோலைநாதர் மட்டும் ஆட்டவில்லை. அவருடைய ஆசனத்தின் மேல் சேதிராயருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். நான் இவளைக் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்ல மந்திரி ஒரு சாட்சி கொண்டுவரட்டும், இல்லாவிட்டால் ஆசனத்தைக் காலி செய்யட்டும் என்று சேதிராயர் கொளுத்திப் போட்டார். ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். சரி என்றுவிட்டான்.

மறுநாள் மந்திரி சபையையே மேட்டுத் தெருவுக்கு அழைத்துப் போனார். தேரை மறுபடியும் மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். வெள்ளையம்மாள் இருந்த இடத்தைச் சேதிராயரே நின்று காட்டினால் நல்லது என்றார் மந்திரி. அவரும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு தேருக்கு முன்னால் போய் நின்றார். உடனே பேச்சிமுத்து முட்டுக்கட்டையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட உட்கார்ந்தான். தேர் முனகிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது.

"அடேய், கட்டையைப் போடுடா!"

பேச்சிமுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினான். "சாமி எனக்கு உறவா, ஊழியமா?"

"யாராயிருந்தா என்னடா? தேர் உருண்டா முன்னால நிக்கிறவன் நசுங்குவான்னு கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா? கட்டை உன் கையிலதானே இருக்கு!"

மந்திரி ராஜாவைப் பார்த்தார். "சாட்சி சொல்லிவிட்டார், மகாராஜா."

தேர் அதற்கு மேல் நகரவில்லை. பின்பக்கம் கோயில் கல்தூணோடு வடம் போட்டுக் கட்டச் சொல்லியிருந்தார் மந்திரி. ஆளைப் பிடிக்காவிட்டாலும் ஆள் சாகக்கூடாது என்கிற புத்தி அவருக்கு உண்டு.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். வெள்ளையம்மாளுக்கு அரண்மனை வைத்தியம். அவள் கால் கூடும்வரை பூக்கூடையைச் சேதிராயரே தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுவர வேண்டும் என்று உத்தரவு.

முதல் நாள் காலை கூடையை எடுக்க வந்தவர், உன்னிடம் பூ வாங்குகிறவர்கள் யார் யாரென்று எனக்கு எப்படியம்மா தெரியும் என்று முனகினார்.

கட்டிலில் கிடந்தபடி வெள்ளையம்மாள் சொன்னாள்: "எல்லாம் உங்களுக்குத் தெரியாத ஆளுங்கதான் சாமி. யாரையும் இடிக்காம பார்த்துப் போங்க."