கடலில் உப்புப் போட்டது யார்?

கடற்படைத் தளங்கள் மூன்று. மூன்றுக்கும் சேர்த்துக் கரைச்சேவை ஆபீஸ் ஒன்று. அந்த ஆபீசில் அறிவாளிகள் மூன்று பேர். இந்த நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அந்தக் கடைசிச் சரக்குக்குப் பஞ்சம் வந்ததில்லை.

தளங்களின் பெயர் மேலத்துறை, நடுத்துறை, கீழத்துறை. கப்பல் வந்தால் ஏறுபலகை வைப்பது, குடிதண்ணீர் நிரப்புவது, குப்பை அள்ளுவது எல்லாம் இந்த ஆபீசின் பொறுப்பு. சூப்பிரண்டு செண்பகராமன் உத்தரவைப் படிப்பார். உதவியாளர் வடமலை அதற்கு விளக்கம் சொல்வார். ஸ்டோர் கீப்பர் குப்புராசு இரண்டு பேருக்கும் தலையாட்டுவார்.

மேலத்துறைத் தொழிலாளிக்கு எல்லாம் உண்டு. கீழத்துறைக்காரனுக்கு மழைக்கோட்டுகூடக் கிடையாது. எங்கள் தொழிற்சங்கத்தில் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தோம். சங்கத் தலைவன் என்பதால் துண்டறிக்கையை நானே எழுதினேன். தலைமையகம் பணிந்தது. ஒற்றை வரியில் உத்தரவு வந்தது: “இனி மூன்று தளங்களுக்கும் எல்லாச் சேவையும் சமமாக வழங்கப்பட வேண்டும்.” வெடி வெடித்தோம். அதை நடத்தப்போவது யார் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை மேலத்துறைக்கு ஒரு கப்பல் வந்தது. கேப்டன் ஞானப்பிரகாசத்துக்கு மூன்று லாரி தண்ணீர் வேண்டும். மாலை நாலு மணிக்குக் கிளம்பினால் இருபது நாள் கழித்துத்தான் கரை. எண்பது பேர் குடிக்க வேண்டும். ஆபீசில் அன்றைக்கு இருந்ததும் சரியாக மூன்று லாரி.

“அப்போ தளத்துக்கு ஒரு லாரி” என்றார் செண்பகராமன்.

“மத்த ரெண்டு தளத்துல கப்பலே இல்லையே சார்?” என்றான் லாரி டிரைவர் மரியசூசை. எங்கள் சங்கத்து ஆள்.

“உத்தரவுல கப்பல்னு ஒரு வார்த்தை இருக்கா, பாரு” என்றார் வடமலை. பார்த்தான். இல்லை.

“அப்போ எங்க ஊத்துறது?”

“கப்பல் வந்தா எங்க நிக்குமோ, அங்க.”

“மேலாப்பல ஊத்தணுமா, ஆழமா ஊத்தணுமா?” என்று குப்புராசு கவலைப்பட்டார். அதற்கு அரைமணி நேர விவாதம். கப்பலின் தண்ணீர்த் தொட்டி அடியில்தானே இருக்கிறது என்று வடமலை சொன்னதால், குழாயை ஆழமாக இறக்கி ஊற்றினார்கள்.

நடுத்துறையில் ஏறுபலகையும் வைத்தார்கள். வடமலை அதில் நடந்து சோதித்தார். அவரைக் கயிறு போட்டு மேலே இழுத்தபோது, “பலகை எப்படி?” என்று கேட்டார் சூப்பிரண்டு.

“பலகையில ஒரு குறையும் இல்ல சார். அது முடியிற இடத்துலதான் கொஞ்சம் ஈரம்.”

அள்ளுவதற்கு அங்கே குப்பை இல்லை. கப்பலின் குப்பையில் ஒரு கூடையை நடுத்துறையில் கொட்டி அள்ளினார்கள். அதையே கீழத்துறைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, மறுபடியும் அள்ளினார்கள்.

இரண்டரை மணிக்குக் கேப்டன் ஆபீசுக்குள் பாய்ந்தார். “ஒரு லாரிதான் வந்துச்சு. மிச்சம் ரெண்டு எங்கய்யா?”

“ஊத்தியாச்சு சார். நடுத்துறையில ஒண்ணு, கீழத்துறையில ஒண்ணு.”

“குடிக்கிற தண்ணியைக் கடல்லயா ஊத்தினீங்க?”

“பதறாதீங்க. வெச்ச இடத்துல பத்திரமா இருக்கு. அடையாளத்துக்கு மிதவை கட்டியிருக்கோம். ஒரு கப்பல்கூட வந்து தொடல. இதோ, திருப்பி இறைச்சுத் தர்றோம்” என்றார் செண்பகராமன்.

மிதவைக்குக் கீழே இறைத்தார்கள். “நீங்களே முதல்ல குடிங்க” என்றார் கேப்டன். செண்பகராமன் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. டம்ளரை வடமலையிடம் நீட்டினார். வடமலை குப்புராசுவிடம் நீட்டினார். மூன்று பேரும் சமமாகத் துப்பினார்கள்.

“ஊத்துறப்போ நல்ல தண்ணி” என்றார் செண்பகராமன் மெதுவாக. “நாம அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து எவனோ உப்பைப் போட்டிருக்கான்.”

கேப்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மரியசூசை உட்காரவில்லை. எங்கள் குடியிருப்பில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு உண்டு. அதுவும் போராடி வாங்கியதுதான். அங்கேயிருந்து இரண்டு லாரி நிரப்பி, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கப்பலில் சேர்த்தான். கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது. யார் உத்தரவில் நிரப்பினாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய மூன்று பேரும் கரையோரமாகக் காலி உப்புச் சாக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. அரசாங்கத் தண்ணீரில் உப்புப் போட்டது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். போட்ட உப்பைச் சங்கமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்தில் நான் வாங்காத நோட்டீஸ் கிடையாது. கடலை உப்பாக்கியதாக வந்தது இதுதான் முதல் தடவை.

மூன்று தளங்களிலும் அதை ஒட்டியிருந்தார்கள். நேரே போய்க் கேட்டேன்: “மேலத்துறைக் கடல்ல நீங்க தண்ணியே ஊத்தலையே சார், அங்க எதுக்கு ஒட்டினீங்க?”

செண்பகராமன் கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

“அங்கயும் குடிச்சுப் பார்த்தாச்சு. மூணு இடத்துலயும் உப்பு ஒரே அளவு. போட்டவன் யாரா இருந்தாலும், உத்தரவை ஒழுங்காப் படிச்சவன்யா.”